பாலத்தடிச் சுருதி

அத்தியாயம் 9

ஞாயிற்றுக்கிழமை திருவிழா. சனிக்கிழமை காலை, திலகா வீட்டில் தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டும் முன்பே கிட்டார் முனக ஆரம்பித்துவிட்டது.

கதையை முதலிலிருந்து படித்து வருகிறவர்களுக்கு இந்தக் கிட்டாரின் வரலாறு தெரியும். இன்றைக்குத்தான் உள்ளே நுழைகிறவர்கள் இவ்வளவு தெரிந்துகொண்டால் போதும். மலேசியாவில் கோல சிலாங்கூர் பக்கம் பாலத்தடித் தோட்டம் என்று ஒன்று இருந்தது. ரப்பர் போய் எண்ணெய்ப் பனையான செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடமைப்பு வந்தபோது தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்கள் இருந்த இடம் தெரியாமல் போயின. மாரியம்மன் கோயில் மட்டும் தப்பித்தது. அந்தத் தோட்டத்து இன்னிசைக் குழுவில் கிட்டார் வாசித்தவர் சத்தியசீலன்.

மனைவி மாலா காலமான பிறகு தனியாக இருந்த அவருக்கு இந்த ஆண்டு பக்கவாதம் வந்து இடது கை விழுந்துவிட்டது. தங்கை திலகா அவரைக் கையோடு ரவாங்குக்குக் கூட்டிவந்து தன் வீட்டு முன்னறையில் வைத்துக்கொண்டாள். கறுப்பு உறைக்குள் கிடந்த கிட்டாரும் கூடவே வந்தது.

பாலத்தடி ஆட்கள் இன்று எங்கெங்கோ சிதறிக் கிடந்தாலும் ஆண்டுக்கு ஒரு தடவை கோயில் திருவிழாவுக்கு வந்து கூடிவிடுவார்கள். இந்த ஆண்டு பழைய இன்னிசைக் குழுவை மேடையேற்றுவதாகத் திட்டம். சத்தியசீலன் முடியவே முடியாது என்றுவிட்டார்.

"ஒத்தக் கைய வெச்சிக்கிட்டு அங்க வந்து நான் என்னா பண்ண? எல்லாரும் ஐயோ பாவம்னு பாக்கறதுக்கா?"

"நீ சும்மா வந்து பக்கத்துல உக்காருண்ணே. ஒன் பாட்ட நான் வாசிக்கிறேன்" என்று திலகா சொல்லிவிட்டாள்.

சொன்ன வாய்க்கு வயது ஐம்பத்தைந்து. கிட்டாரை எந்தப் பக்கம் பிடிப்பது என்பதுகூட அதுவரை அதற்குத் தெரியாது.

சொல்லிவிட்டோமே என்று அன்றிலிருந்து அவளும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறாள். தொழிற்சாலையில் நாளெல்லாம் சின்னச் சின்னச் சாமான்களைக் கையாண்ட விரல்கள்தானே, இது என்ன பெரிய காரியம் என்றுதான் தொடங்கினாள். கம்பி அப்படி நினைக்கவில்லை. இடது கை விரல் நுனிகள் முதலில் சிவந்தன, பிறகு வீங்கின. ஒரு நாள் வலி தாங்காமல் தைலத்தைத் தடவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். விரல் கம்பிமேல் நிற்காமல் வழுக்கிக்கொண்டு ஓடியது. மகள் நித்தியா விழுந்து விழுந்து சிரித்தாள்.

கார்ட் என்பது வேறொன்றுமில்லை. இரண்டு மூன்று விரல்களை வெவ்வேறு கம்பிகளில் ஒரே நேரத்தில் அழுத்திக்கொண்டு, வலது கையால் எல்லாக் கம்பிகளையும் சேர்த்து மீட்டுவது. அதற்கு ஆங்கில எழுத்துகளில் பெயர் வைத்திருக்கிறார்கள். அண்ணனின் பாட்டுக்கு நான்கு கார்ட் போதும் என்று நித்தியா எங்கேயோ விசாரித்துச் சொன்னாள். ஜி, ஈ மைனர், சி, டி. ஈ மைனருக்கு இரண்டே விரல். அதனால் அதன்மேல் திலகாவுக்குத் தனிப் பாசம். ஜி-யிலிருந்து சி-க்குப் போவதுதான் உயிரை வாங்கியது. மூன்று விரல்களும் ஒன்றாகக் கிளம்பி ஒன்றாக இறங்க வேண்டும். அவளுடைய விரல்களோ தீபாவளிக்கு ஊருக்குப் போகிற குடும்பத்தைப் போல ஒவ்வொன்றாகத்தான் புறப்பட்டன.

ஆனாலும் வந்துவிட்டது. போன வாரம் நான்கு கார்டும் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தபோது அவள் சமையலறையில் தனியாக நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவ்வளவு சந்தோஷம்.

சின்ன வயதில் அந்தக் கிட்டாரைத் தொட அவளுக்கு அனுமதியில்லை. வேலை முடிந்து, குளித்து, பவுடர் பூசிக்கொண்டு அண்ணன்மார்கள் கோயில் கொட்டகையில் கூடுவார்கள். தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுப்பது மட்டும்தான் அவள் வேலை. கொடுத்துவிட்டு உடனே திரும்ப வேண்டும். அவள் திரும்பமாட்டாள். தூணுக்குப் பின்னால் நின்று, கொசு பிடுங்கப் பிடுங்க, முழுப் பாட்டையும் கேட்டுவிட்டுத்தான் காலிக் கூஜாவோடு லயத்துக்குப் போவாள். அம்மா திட்டுவது காதிலேயே விழாது. காது முழுக்கப் பாட்டு இருக்கும்.

*மணியடிச்சா பெரட்டு,*
*மழையடிச்சா லீவு,*
*மனசடிச்சா என்ன செய்ய,*
*சொல்லடி நீயே...*

பெரட்டு என்றால் விடியற்காலையில் மேற்பார்வையாளரான மண்டோர் பெயர் கூப்பிட, ஆட்கள் வரிசையில் நிற்பது. ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டே சத்தியசீலன் கட்டிய பாட்டு அது. தோட்டத்தில் பாடாத வாய் இல்லை. பெரட்டுக்கு நிற்கும்போதே யாராவது முணுமுணுப்பார்கள். மண்டோர் சின்னையா முறைப்பார், பிறகு அவரும் முணுமுணுப்பார்.

"ம்மா, பசியாறிட்டு வாசிக்கலாம் லா" என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள் நித்தியா. வாரம் முழுக்க ரயிலில் கோலாலம்பூருக்கு ஓடுகிற பெண். சனிக்கிழமைதான் அவளுக்குத் தூக்கம்.

"நாளைக்கு மேடை. இன்னிக்காச்சும் கேசட்டோட சேந்து ஒழுங்கா வாசிச்சிப் பாக்கணும். ரேடியோவ எடு."

அங்கேதான் சிக்கல் இருந்தது. அந்தக் காலத்தில் கோயில் கொட்டகையில் பதிவு செய்த கேசட் ஒன்று அண்ணன் பெட்டியில் கிடைத்திருந்தது. தனியாக வாசித்தால் திலகாவின் நான்கு கார்டும் நன்றாகத்தான் இருந்தன. கேசட்டோடு சேர்த்தால் காதை அடைத்துக்கொள்ளத் தோன்றியது.

நித்தியா தன் கைப்பேசியில் சுருதி பார்க்கும் செயலியைத் திறந்து வைத்தாள். ஒவ்வொரு கம்பியையும் தட்டினார்கள். சுருதி சரியாக இருந்தால் பச்சை விளக்கு, தவறினால் சிவப்பு. ஆறு கம்பிக்கும் பச்சை.

"பெர்ஃபெக்ட் மா. கிட்டார்ல ஒண்ணும் ப்ராப்ளம் இல்ல."

கேசட் ஓடியது. அண்ணனின் இளமைக்குரல் வந்தது. ஆர்மோனியம் இழைந்தது. திலகா ஜி-யைப் பிடித்து மீட்டினாள்.

பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

"கேசட் பழசாயிடுச்சி லா. டேப் இழுத்துக்கிட்டு ஸ்லோவா ஓடுது."

"இல்லடி. என் விரல்தான் சரியா ஒக்கார மாட்டேங்குது."

மறுபடியும் மீட்டினாள். மறுபடியும் அதே கதை. முன்னறையில் தொலைக்காட்சியின் சத்தம் சட்டென்று உயர்ந்தது. சத்தியசீலன் ஒலியைக் கூட்டியிருந்தார்.

திலகாவின் முகம் தொங்கிப்போனது. அண்ணனுக்கே கேட்கச் சகிக்கவில்லை. நாளைக்குப் பாலத்தடி சனம் முழுக்க உட்கார்ந்து கேட்கப்போகிறது. காளியம்மா அக்கா வருவாள், சுப்பிரமணியம் அண்ணன் வருவார். அவர்கள் எல்லோரும் அந்தப் பாட்டை நெஞ்சுக்குள் வைத்திருப்பவர்கள். அதைத் தன் கையால் கொலை செய்வதா? அதுவும் அண்ணனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு? அப்படிச் செய்தால் அவர் இனி வாசல்படியைக்கூடத் தாண்டமாட்டார்.

கிட்டாரைச் சோபாவில் சாய்த்துவிட்டுக் கைப்பேசியை எடுத்தாள்.

"யாருக்கு மா போன்?"

"நாளைக்குத் திருவிழாவுக்குக் கூட்டிட்டுப் போற வேன் வேணாம்னு சொல்லிடறேன். நாம போகல."

"ம்மா! இவ்ளோ நாள் ப்ராக்டிஸ் பண்ணிட்டு..."

"ஏலாதுடி. கெழவி வயசுல எனக்கு என்னா ஆச வேண்டிக்கெடக்கு, சொல்லு? தெரியாம ஏத்துக்கிட்டேன்."

சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. அண்ணனை எப்படியாவது அந்த மண்ணில் ஒரு தடவை கொண்டுபோய் நிறுத்திவிட வேண்டும், அங்கே அவர் பழைய சீலனாக ஒரு நிமிடமாவது சிரிக்க வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. மேடையும் கைத்தட்டலும் யாருக்கு வேண்டும்?

தொலைக்காட்சி நின்றது. கைத்தடி தரையில் தட்டும் சத்தம் கேட்டது.

சத்தியசீலன் முன்னறை வாசலில் நின்றிருந்தார். இடது கை உடம்போடு ஒட்டிக் கிடந்தது. கண் மட்டும் கிட்டார் மேல்.

"அத எடுத்து மடியில வை."

திலகா மூக்கை உறிஞ்சிக்கொண்டு எடுத்து வைத்தாள். அவர் நாற்காலியை இழுத்து அவளுக்கு இடப்பக்கம், கிட்டாரின் தலைப்பக்கமாக உட்கார்ந்தார். வலது கையை நீட்டி முதல் திருகைப் பிடித்தார். இத்தனை மாதத்தில் அவர் அந்தக் கிட்டாரைத் தொடுவது இதுதான் முதல் தடவை. திலகாவுக்கு அது உறைப்பதற்குள் அவர் திருகைத் திருப்பினார். கம்பி தளர்ந்து தொய்ந்தது.

"அண்ணே! என்னா பண்ற? கெடுத்துடாத!"

"கம்பியத் தட்டு."

"மாமா, ஆறும் பச்சையில இருந்திச்சி! இப்ப பாருங்க, ரெட் வருது!"

"தட்டுன்னு சொன்னேன்."

திலகா தட்டினாள். அவர் இன்னும் கொஞ்சம் தளர்த்தினார். அடுத்த கம்பி. அதற்கடுத்தது. நித்தியாவின் கைப்பேசி வரிசையாகச் சிவப்பு விளக்கைக் காட்டிக்கொண்டே இருந்தது. கஷ்டப்பட்டுக் கற்ற பாடமெல்லாம் அந்தத் திருகோடு கழன்று போவதுபோல் திலகாவுக்கு இருந்தது.

"எல்லாமே தப்பு மாமா" என்றாள் நித்தியா பரிதாபமாக.

"அந்தப் பச்ச லைட்டு எங்க தோட்டத்துக்கு எப்ப வந்திச்சி?" என்று கேட்டார் சத்தியசீலன். "கேசட்டப் போடு. இப்ப ஜி புடி."

திலகா பயந்துகொண்டே மூன்று விரல்களையும் வைத்து மீட்டினாள்.

சேர்ந்துவிட்டது.

கேசட்டும் கிட்டாரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி ஒட்டிக்கொண்டன. ஆர்மோனியத்தின் இழைக்குள் அவள் மீட்டிய ஒலி போய் அப்படியே படிந்தது. திலகா விரலை எடுக்க மறந்து அண்ணனைப் பார்த்தாள். இத்தனை நாளும் தப்புச் செய்தது தன் விரல் இல்லை என்று புரிந்தபோது அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"எப்படிண்ணே?"

பழைய ஞாபகம் ஒன்று சத்தியசீலனின் வாயோரத்தில் சிரிப்பாக அரும்பியது. இந்த வீட்டுக்கு வந்த பிறகு அவர் அப்படிச் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

"ஆத்துத் தண்ணி கோயிலுக்குள்ள பூந்திச்சே, ஞாபகம் இருக்கா? நீ சின்னப் புள்ள. பஜனைக்கு வெச்சிருந்த ஆர்மோனியப் பொட்டி முழுசா நனஞ்சிடுச்சி. வெயில்ல வெச்சா வெடிச்சிடும்னு, அத வாசிக்கிற ஒடையப்பன் ஒரு யோசன பண்ணான். ரப்பர் ஷீட்டு காய வைப்பாங்க பாரு, புகைவீடு, அங்க கொண்டுபோய் ஷீட்டோட ஷீட்டா தொங்க விட்டுட்டான்."

"ஆர்மோனியத்தையா?" நித்தியா வாயைப் பிளந்தாள்.

"காஞ்சிடுச்சி லா. நல்லாவே காஞ்சிடுச்சி. அதுக்கப்புறம் பொட்டியத் தொறந்தாலே ரப்பர் பொக நாத்தம். சுருதியும் அரைக் கட்ட எறங்கிப் போச்சி. ஆபீஸ் கணக்கு எழுதற கிராணிகிட்ட சொன்னா கோயில் கமிட்டிகிட்ட கேளுன்னாரு, கமிட்டி கிராணிகிட்ட கேளுன்னிச்சி. பொட்டிய ஏத்த முடியாது. அதனால நாங்க எல்லாரும் எறங்கிட்டோம். கிட்டார், பாடறவன், எல்லாமே. கடைசியில பாலத்தடியே அந்தச் சுருதியிலதான் பாடிச்சி."

நித்தியா சிரித்துச் சிரித்துச் சோபாவிலிருந்து நழுவினாள். திலகாவும் சிரித்தாள். தூணுக்குப் பின்னால் நின்றபோது மூக்கில் ஏறிய அந்தப் புகை வாசனை அவளுக்கு இப்போதும் வந்தது. அது ஊதுபத்தி என்றே இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"ஒடையப்பன் அண்ணன் பெரிய ஆளுதான்" என்றாள் வாய் தவறி.

சத்தியசீலனின் சிரிப்பு அடங்கிவிட்டது. கதை சுவாரசியத்தில் தானே அந்தப் பேரைச் சொல்லிவிட்டது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"அவன் பேர எடுக்காத."

திலகா நாக்கைக் கடித்துக்கொண்டாள். தோட்டத்தின் கடைசி இரவு அவளுக்கும் தெரியும். மறுநாள் வீட்டுச் சாமான்களை ஏற்ற லோரிகள் வரவிருந்தன. கோயில் முன்னால் எல்லோரும் கூடி, கடைசியாக ஒரு தடவை அந்தப் பாட்டைப் பாடச் சொன்னார்கள். சீலன் கிட்டாரோடு மேடையில் உட்கார்ந்திருந்தார். உடையப்பன் வரவில்லை. சாயங்காலமே குடும்பத்தோடு கிளம்பிவிட்டதாகச் சொன்னார்கள். ஆர்மோனியப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு போயிருந்தார். பெட்டி இல்லாமல் தொடங்கிய பாட்டு பாதியிலேயே நின்றுவிட்டது. சீலன் இறங்கி வந்து கிட்டாரை உறைக்குள் போட்டார். ஒரே பாயில் படுத்து வளர்ந்த நண்பர்கள் அதோடு சரி. ஏன் போனான் என்று இவரும் கேட்கவில்லை, அவரும் வந்து சொல்லவில்லை.

அந்த உடையப்பன்தான் போன வாரம் புக்கிட் பெருந்துங் என்ற ஊரிலிருந்து திலகாவைப் போனில் கூப்பிட்டார். நாளைக்கு வரப்போகிற வேன் அவருடையதுதான். ஓட்டி வரப்போகிறவரும் அவர்தான். அண்ணனிடம் சொல்ல அவளுக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

"சரிண்ணே, எடுக்கல. கோவிச்சிக்காத. நான் வாசிக்கிறேன், நீ கேட்டுச் சொல்லு."

அவள் முதலிலிருந்து தொடங்கினாள். ஜி, ஈ மைனர், சி. மாறும்போது விரல்கள் தடுமாறாமல் போயின. ஆனால் வலது கை சொன்னபடி கேட்கவில்லை. இடது கையில் கவனம் வைத்தால் வலது கை தாளத்தை விட்டது. வலது கையைப் பார்த்தால் இடது கை கார்டை விட்டது.

"அப்படி இல்ல. ரெண்டு கீழ, ஒண்ணு மேல. மாட்டு வண்டி மாதிரி இழுக்காத" என்றார் சத்தியசீலன். தொடையில் தட்டிக் காட்டினார். அவள் மறுபடியும் இழுத்தாள். அவருக்குப் பொறுக்கவில்லை.

"இங்க கொண்டா."

கிட்டாரின் வயிற்றை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அதன் கழுத்து அவர் இடப்பக்கமாக நீண்டது. நீண்டு நின்ற இடத்தில் அவருக்கு அதைப் பிடிக்கக் கையில்லை. ஒரு கணம் அந்த வெற்றிடத்தையே பார்த்தார்.

திலகா யோசிக்காமல் எழுந்து அவருக்கு இடப்பக்கம் ஒட்டி உட்கார்ந்தாள். கிட்டாரின் கழுத்தைத் தன் மடிமேல் வாங்கி, இடது கையால் பிடித்து, மூன்று விரல்களையும் கம்பியில் அழுத்தினாள்.

"ஜி புடிச்சிட்டேன். நீ மீட்டுண்ணே."

அவர் தங்கையைப் பார்த்தார். பிறகு கம்பியைப் பார்த்தார். வலது கை மெல்ல இறங்கியது.

அந்தச் சத்தத்தைத் திலகா எத்தனையோ வருடத்துக்குப் பிறகு கேட்டாள். அதே கைவீச்சு. இரண்டு கீழே, ஒன்று மேலே, நடுவில் ஒரு சின்ன வெட்டு. அவர் மீட்ட, அவள் பிடிக்க, பாட்டு நகர ஆரம்பித்தது. அவர் "மைனர்" என்று தலையசைப்பதற்குள் அவள் விரல் அங்கே போயிருக்கும். தூணுக்குப் பின்னால் நின்று கேட்ட பெண்ணுக்கு எந்த இடத்தில் பாட்டு திரும்பும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. விரல் நுனி எரிந்தது. அவள் கவனிக்கவேயில்லை.

"மனசடிச்சா என்ன செய்ய" என்ற வரிக்கு வந்தபோது சத்தியசீலன் பாடிக்கொண்டிருந்தார். குரல் கொஞ்சம் குழறியது. சுருதி குழறவில்லை. நித்தியா அவர்களைப் படம் பிடிக்கலாம் என்று தூக்கிய கைப்பேசியைப் பிடித்தபடியே அழுதுகொண்டிருந்தாள்.

பாட்டு முடிந்தது.

"டி-யில கடைசிக் கம்பிய நல்லா அழுத்தல நீ" என்றார் அவர். பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "என் நீலச் சட்டைய அயர்ன் பண்ணி வை. வெள்ள வேணாம், நீலந்தான் மேடையில எடுப்பா இருக்கும்" என்றார்.

திலகாவுக்கு எழுந்து குதிக்க வேண்டும்போல் இருந்தது. மடியில் கிட்டார் இருந்ததால் குதிக்கவில்லை.

"வரியாண்ணே? சத்தியமா?"

"ரெண்டு பேரு சேந்து ஒரு கிட்டார வாசிச்சா சனங்க சிரிக்கும். சிரிச்சா சிரிக்கட்டும்." கம்பிகளை உள்ளங்கையால் தடவினார். "பொட்டி மட்டும் இருந்திருந்தா... விடு. இல்லாதத பேசி என்னா ஆகப்போவுது. வேன் யாரோடது?"

திலகா வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து, மேசைமேல் கிடந்த அவள் கைப்பேசி சிணுங்கியது. பக்கத்தில் நின்ற நித்தியா எடுத்தாள்.

"வாய்ஸ் மெசேஜ் மா."

"ஏய், வேணாம், வெச்சிடு..."

சொல்வதற்குள் அவள் விரல் தட்டிவிட்டது.

முதலில் துருத்தி மூச்சு வாங்கும் சத்தம். பிறகு ஆர்மோனியம். ஒற்றைச் சுரம் நீளமாக எழுந்து அறையை நிறைத்தது. சத்தியசீலன் மடியில் கிடந்த கிட்டாரின் கம்பிகளில் அப்போதுதான் இறக்கி வைத்த சுருதி இருந்தது. அந்தச் சுரம் அதே இடத்தில் வந்து நின்றது. மயிரிழை கூட விலகவில்லை.

பின்னால் ஒரு தளர்ந்த ஆண்குரல் வந்தது. "தங்கச்சி, பொட்டியத் தொடச்சி வெச்சிட்டேன். வேன்லதான் கொண்டாறேன். சீலன்கிட்ட நாந்தான் வரேன்னு சொல்லிட்டியாம்மா?"

செய்தி முடிந்தது. திலகா அண்ணன் முகத்தைப் பார்க்கப் பயந்து தரையைப் பார்த்தாள். எழுந்து போய்விடுவார், கதவைச் சாத்திக்கொள்வார், நீலச் சட்டையை இனிக் கேட்கமாட்டார் என்று ஒவ்வொன்றாக மனசுக்குள் ஓடியது.

வலது உள்ளங்கையைக் கம்பிகள்மேல் அழுத்திக்கொண்டு சத்தியசீலன் உட்கார்ந்திருந்தார்.

"ரிப்பேர் பண்ண நல்ல நல்ல கடையெல்லாம் இருக்கு இப்ப" என்றார் மெதுவாக. "இத்தன வருசத்துல அவன் அதச் சரி பண்ணவே இல்லியா?"

திலகா மெல்லத் தலையை நிமிர்த்தினாள்.

"நித்தியா" என்று கூப்பிட்டார். கண்கள் கலங்கியிருந்தன. கோபமா வேறா என்று திலகாவால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"அத மறுபடியும் போடு."